வெண்மது ஊற்றிய கிண்ணம்

ரோன்கோபாசோ,
1921 திசம்பர் 4

அல்சிதே அண்ணா,

இந்த மடலை நீ பாதியில் கிழித்துவிடக்கூடும். ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஸ்தேவான் திருநாளன்று அம்மா வீட்டுக்கு வராதே.

இனி நீ கிழித்தாலும் கவலையில்லை. கிழிக்கவில்லையென்றால் மேலே படி.

ஏப்ரலில் என் திருமணத்தன்று கோயில் வாயிலில் நின்று, மூவாயிரம் உழவர்களுக்குக் கேட்கும் அந்தக் குரலில், “இன்று முதல் எனக்குத் தங்கை இல்லை” என்றாய். பண்ணையார்கள் கூலி கொடுத்து வளர்க்கும் தடிப்படையில் ஒருவரை நான் மணந்தேன். உங்கள் உழவர் சங்கக் கட்டடத்தைக் கொளுத்தியவர்களில் என் கணவர் குவெரினோவும் ஒருவர் என்பதை மணமான பிறகுதான் அறிந்தேன். அதை நீ நம்பவில்லை. நம்பு என்று இன்றும் கேட்கவில்லை. ஆனால் இதை நம்பு.

வியாழன் மாலை என் சமையலறையில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். குவெரினோ, நொண்டி ஆதெல்மோ, அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பீனோ, பெயர் தெரியாத இன்னொருவன். நான் அவர்களுக்கு முதுகு காட்டிக் கலம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஊர் ஊராத் தேடி எதுக்குடா செருப்பைத் தேய்க்கிறீங்க?” என்றார் குவெரினோ. “பேசாம இருங்க. ஸ்தேவான் அன்னிக்கு அவனே நடந்து வருவான்.”

“வர்றேன்னு உனக்கு ஓலை அனுப்பினானா?” என்று ஆதெல்மோ கேலி பேசினான்.

“எனக்கு எதுக்கு? எங்க அத்தைக்குத்தான் சொல்லி அனுப்பியிருக்கான். அந்த அம்மாவுக்கு வாய் நிக்குமா? பக்கத்துப் பண்ணையில போய்க் கிண்ணம் ஒண்ணு கேட்டிருக்கு, பிள்ளைக்குன்னு. நான் மாப்பிள்ளை. முறைப்படி பொண்டாட்டியோட போய் உக்காரப் போறேன். நீங்க ரெண்டு பேரு தொழுவத்துல மாட்டோட மாடா நில்லுங்க. சாப்பிட உக்காருறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க கோழிச் சாறுல சிவப்பு மது ஊத்தி, அடுப்பைப் பார்த்து நின்னு குடிப்பாங்க இல்ல? அப்போ அவன் ரெண்டு கையிலயும் கிண்ணம் இருக்கும். முதுகு நம்ம பக்கம்.”

“எத்தனை புட்டி விளக்கெண்ணெய் கொண்டு வரட்டும்?”

“இந்த வாட்டி எண்ணெய் வேண்டாம்.”

யாரும் சிரிக்கவில்லை அண்ணா. பிடிபட்ட உழவர் வாயில் வார்க்கும் அந்த எண்ணெய் என்ற சொல் வந்தாலே வயிறு குலுங்கச் சிரிப்பவர்கள் அவர்கள். அன்று சிரிக்கவில்லை. கழுவு நீர் சில்லிட்டுப் போகும்வரை நான் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் அவர்கள் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

ஊசிநூல் விற்கும் ஈரிதேயிடம் இதைக் கொடுக்கிறேன். அம்மாவின் செய்தியை உனக்குக் கொண்டுவருபவள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். அவளை ஏசாதே. நான் கேட்டபோது அவள் இல்லை என்றே ஆணையிட்டாள்.

செலின்தா



அக்கரை,
திசம்பர் 9

செலின்தா,

உன் மடலைக் கிழிக்கவில்லை. மும்முறை படித்தேன். எழுதிய கை உன்னுடையது. சொல்லிக் கொடுத்த நா யாருடையது?

வராதே என்கிறாய். நான் வராமற்போனால் யாருக்கு ஆதாயம்? எண்ணிப் பார். எங்கள் வட்டத்தில் இருநூறு குடும்பங்கள் இன்னும் பண்ணையார் நீட்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. பட்டினி கிடக்கிறார்கள், பணியவில்லை. அவர்களிடம் போய் என்ன சொல்வார்கள்? “உங்களைத் தூண்டிவிட்டவன் எங்கே? பெற்றவளின் கையால் ஒரு கிண்ணம் சாறு குடிக்கக்கூட அஞ்சி ஓடிவிட்டானே!” என்பார்கள். தடியால் முறியாத முதுகெலும்பு அந்த ஒரு சொல்லால் முறியும். நான் வந்தேன், உண்டேன், சென்றேன் என்ற செய்தி ஒன்று பரவட்டும். அந்த இருநூறு குடும்பங்களும் இளவேனில்வரை நிமிர்ந்து நிற்கும். இது உன் கணவனுக்கும் தெரியும். தெரிந்துதான் உன் கையில் எழுதுகோலைக் கொடுத்தானோ?

எவன் அம்மாவின் கதவை உதைத்துத் திறந்தானோ, எவன் எங்கள் சங்கத்துக் கிழவர் லாஸரோவின் பற்களுக்கிடையே புனலைச் செருகி எண்ணெய் வார்த்தானோ, அவன் வீட்டு உப்பைத் தின்கிறவள் நீ. அப்பா நின்ற அதே அடுப்பங்கரையில், அப்பாவின் இடத்தில், அவன் கிண்ணம் ஏந்தி நிற்பான். பெற்ற மகன் நான் ஆற்றுக்கு அக்கரையில் மூடுபனியை வெறித்துக்கொண்டு நிற்பேனா?

வருவேன். அம்மாவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டேன்.

நீ மெய்யே எழுதியிருந்தால், மெய்ப்பித்துக் காட்டு. கண்ணீரால் அல்ல. கண்ணீரை நான் கூட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், வரவழைத்தும் இருக்கிறேன்.

அல்சிதே



ரோன்கோபாசோ,
திசம்பர் 13

அண்ணா,

மெய்ப்பு கேட்டாய். தருகிறேன். படிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

நீ வாஸ்கோவின் செங்கற்சூளையில் இருக்கிறாய். சூளைக்குப் பின்புறம், அச்சுப் பலகைகள் அடுக்கும் கொட்டகையில் படுக்கிறாய்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன் சட்டைகளை ஈரிதே அம்மாவிடம் கொண்டுவருகிறாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் கிழிசல் தைக்க அவற்றை என்னிடம் தருகிறாள். காலர் மடிப்பில் சிவப்புத் தூள் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அக்கரையில் புகையும் சூளை ஒன்றுதான். ஒருநாள் அந்தச் சட்டை மடியில் இருக்கும்போதே குவெரினோ உள்ளே வந்துவிட்டார். மேசையில் உதிர்ந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்ன இது, சிவப்பா?”

“செங்கல் பொடி. செம்புக் குண்டான் தேய்ச்சேன்.”

“சட்டை யாருது?”

“எவரிஸ்தோ மாமாவோடது. அம்மா தைக்கக் குடுத்துச்சு.”

அவர் போனபிறகு அலமாரியில் இருந்த எல்லாச் செம்புக் குண்டான்களையும் எடுத்துப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். மாலையில் அவர் அவற்றைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் அண்ணா. சரிபார்த்தார்.

இது நடந்தது நவம்பர் தொடக்கத்தில், அனைத்துப் புனிதர் திருநாளுக்கு மறுவாரம். ஐந்து வாரங்களாக நீ உறங்கும் இடம் எனக்குத் தெரியும். ஐந்து வாரங்களாக நீ உயிரோடு இருக்கிறாய். இதைவிடப் பெரிய மெய்ப்பு என்னிடம் இல்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன். சினத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உனக்குப் பதினொன்று, எனக்கு எட்டு வயதிருக்கும். ஸ்தேவான் நாளன்று நிலவறைக்குப் போய்ப் பீப்பாயிலிருந்து மது பிடித்து வரச் சொல்லி அப்பா உன்னை அனுப்பினார். இருட்டில் பீப்பாய் மாறிவிட்டாய். அப்பாவின் கிண்ணத்தில் வெண்மதுவை ஊற்றினாய். கொழுப்பு மிதக்கும் சாற்றில் வெண்மது! ஒரு வாய் குடித்து அடுப்பிலேயே உமிழ்ந்தார். திரும்பி, “யார் பண்ணது?” என்று கேட்டார். நீ கல்லாய் நின்றாய். “நான்தான்ப்பா” என்று நான் சொன்னேன். அந்த அறையில் என் இடக்காது சனவரி ஆறாம் நாள், மூன்று அரசர் திருநாள்வரை இரைந்துகொண்டே இருந்தது. நீ இன்றுவரை அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ஊரார் முதுகுக்கெல்லாம் குரல் கொடுக்கும் அண்ணனே, அன்று என் கன்னத்துக்கு நீ ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. இன்று என்னிடம் மெய்ப்பு கேட்கிறாய்.

வராதே.

செலின்தா



அக்கரை, வேறிடம்,
திசம்பர் 16

தங்கையே,

உன் மடல் வந்த அன்றே சூளையை விட்டு அகன்றேன். எங்கே என்று எழுதமாட்டேன். உன்னை நம்பாமல் அல்ல. நீ அறிந்திருப்பது உனக்கே தீங்கு என்பதால்.

இனி ஒப்புக்கொள்கிறேன். வேறு எவரிடமும் ஒப்புக்கொள்ளாததை உன்னிடம் எழுதுகிறேன்.

நான் அஞ்சுகிறேன்.

மேடையேறினால் என் குரல் தடுமாறியதில்லை. துப்பாக்கிக் குழல்களுக்கு எதிரே நின்று, “சுடுங்கள், எங்கள் எலும்பில் உங்கள் கழனிக்கு எருவாவது மிஞ்சும்” என்று முழங்கியவன் நான். அவன் இப்போது நாய் குரைத்தால் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்கிறான். சூளைக்காரர் மகள் கதவைத் தட்டாமல் பால் கொண்டுவந்தாள். நான் கையில் மண்வெட்டியோடு நின்றதைப் பார்த்துச் செம்பைக் கீழே போட்டுவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை. கூட்டத்தில் அஞ்சாமை எளிது, செலின்தா. மூவாயிரம் பேரின் மூச்சு முதுகைத் தாங்கும். கொட்டகையில் முதுகைத் தாங்க ஓர் ஆள்கூட இல்லை.

வருவேன் என்று உனக்கு எழுதியது வீரம் அன்று. இந்த அச்சத்தை இன்னும் ஒரு நாளும் தூக்கிச் சுமக்க முடியாது, எப்படியாவது முடிந்துபோகட்டும் என்ற களைப்பு. அதை வீரம் என்று நானே நம்பினேன். அதுதான் என் தொழில்.

வெண்மதுவை நான் மறக்கவில்லை. மறந்ததாக இருபது ஆண்டுகள் நடித்தேன். அன்று உன் கன்னத்தில் விழுந்த அறையின் ஓசைதான், பிறர் அடி வாங்கும்போது என்னைப் பேச வைத்தது என்று சொன்னால் அதுவும் மேடைப் பேச்சாகிவிடும். ஆகவே சொல்லவில்லை.

வரமாட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே. முகத்தில் மறைக்கத் தெரியாதவள் அவள். என் கிண்ணத்தை அவள் மேசையில் வைக்கட்டும். இருபத்தாறாம் நாள் நண்பகல்வரை நான் வருகிறேன் என்றே அவர்கள் நம்பட்டும்.

உன் அண்ணன்
அல்சிதே



ரோன்கோபாசோ,
திசம்பர் 19

அண்ணா,

நீ வரமாட்டாய் என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். சரியாக ஒரு மணி நேரம்.

மாலையில் குவெரினோ வந்தார். ஈரிதேயைப் படகுப் பாலத்தில் மறித்து, ஊசிப் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டியிருக்கிறார்கள். எதுவும் அகப்படவில்லை, உன் மடல் அவள் கொண்டைக்குள் இருந்தது. அதை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே சூப்பைக் குடித்தார். பிறகு, ஏதோ வேலியைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசுவதுபோல், இப்படிச் சொன்னார்:

“அவன் வந்தா சரி. வரலைன்னா, யாரோ போட்டுக் குடுத்திருக்காங்கன்னு ஆகுது. அன்னிக்கு இந்தச் சமையல்கட்டுல எத்தனை பேரு இருந்தோம்?”

விரல்களை மடக்கினார். “நான். ஆதெல்மோ. பீனோ. மார்த்தினோ.” நான்கு விரல்கள் மடங்கின. ஐந்தாவது விரலை மடக்கவில்லை. அதை நிமிர்த்தியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு, “பாலாடைக்கட்டி இன்னும் இருக்கா?” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

உன்னை வரச்சொல்லவில்லை. அதைத் தெளிவாகப் படி. நீ வந்தால் இதுவரை எழுதியதெல்லாம் வீண். நான் உடல் நலமில்லை என்று போகாமலிருக்கவும் முடியாது. மணமான மகள் ஸ்தேவான் நாளன்று தாய் வீட்டுக்குக் கணவனோடு போகாவிட்டால், ஏன் என்று ஊரே கேட்கும். அவர் முதலில் கேட்பார். போவேன். சாறு பரிமாறுவேன். நண்பகல் மணி அடிக்கும். கதவு திறக்காது. அவர் தம் விரலைப் பார்ப்பார்.

இந்த மடலோடு ஈரிதே அக்கரைக்கு வந்து அங்கேயே தங்கிவிடுவாள். இனி உனக்கும் எனக்கும் இடையில் ஆள் இல்லை. விடை எழுதாதே, அஞ்சலில் அனுப்பினால் பீனோ பிரித்துப் படிப்பான். இந்தப் பக்கம் வரும் எல்லா மடலையும் அவன் நீராவியில் காட்டிப் பிரிக்கிறான்.

இவற்றையெல்லாம் எரித்துவிடு. நீ பிழைத்தாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அது போதும் என்றும் நினைத்துக்கொள்ள முயல்கிறேன்.

செலின்தா



மிலான்,
திசம்பர் 22

ஃபோசாப் பண்ணை, அம்மா வீட்டில் ஸ்தேவான் நாளுக்கு வரும் திருமதி செலின்தாவுக்கு.
அனைவர் முன்னும் உரக்கப் படிக்க.

மானம் கெட்டவளே,

தங்கை என்று அழைக்கமாட்டேன். ஏப்ரலில் கோயில் வாயிலில் அந்தச் சொல்லைப் புதைத்துவிட்டேன். பிணத்தைத் தோண்டும் வழக்கம் எனக்கில்லை.

பெற்றவளின் மேசையில் இந்த ஆண்டு உட்காருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வெட்கத்தால் நீ அந்த வாயிலை மிதிக்கமாட்டாய் என்று எண்ணியே அப்படிச் சொன்னேன். நீயும் வருகிறாய் என்று இப்போது அறிந்தேன். கொள்ளி பிடித்த கையைப் பற்றிக்கொண்டு வருகிறாயாம்! ஏழைகளின் பற்களை உடைத்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் அப்பனின் கரண்டியால் சாறு அள்ளப் போகிறாயாம்! நீ உட்காரும் பலகையில் நான் உட்காரேன். நீ தொட்ட அப்பத்தைத் தொடேன். நீ மூச்சு விடும் கூரையின்கீழ் என் நிழலும் விழாது. நான் நாட்டைவிட்டே போகிறேன். இந்த மடல் உன்னை வந்தடையும்போது எல்லை கடந்திருப்பேன். தடிகளுக்கு அஞ்சியன்று, உன்மேல் கொண்ட அருவருப்பால்!

நீ இப்படி ஆவாய் என்பதை நான் அன்றே அறிவேன். நினைவிருக்கிறதா, எட்டு வயதில், அப்பாவின் கிண்ணத்தில் வெண்மதுவை ஊற்றி, ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தத் திருநாளையே பாழாக்கினாயே! பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். அன்று அந்தக் கிண்ணத்தைக் கெடுத்தாய். இன்று இந்தக் குடியைக் கெடுத்தாய். நீ மாறவில்லை. நீ பிறந்தபோதே அப்படித்தான் பிறந்தாய்.

என் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள், அம்மா. என்னை மன்னியுங்கள். இவளை மன்னிக்காதீர்கள்.

அல்சிதே



ரோன்கோபாசோ,
1922 சனவரி 2

அண்ணா,

நாளை அக்கரைச் சந்தைக்கு அம்மா கோழி விற்க வருகிறாள். கூடையின் வைக்கோலுக்கு அடியில் இந்த மடல் இருக்கும். “அவன் எங்க இருக்கான்னு நான் கேக்கவே மாட்டேன். ஈரிதே கையில குடுத்துட்டு வந்துடறேன்” என்றாள். நீ எல்லை கடந்துவிட்டாயா, அல்லது அதுவும் மடலுக்காக எழுதியதா? எனக்கும் சொல்லாதே.

நடந்ததை எழுதுகிறேன்.

அன்று மூடுபனி சன்னல் கண்ணாடியை வெள்ளைத் துணிபோல் மூடியிருந்தது. ஆதெல்மோவும் மார்த்தினோவும் விடியலிலிருந்தே தொழுவத்தில் இருந்தார்கள். அம்மாவுக்குத் தெரியாது. சேவல் வெந்துகொண்டிருந்தது. இறைச்சி பொதிந்து மடித்த மாவு அஞோலிகளை வரிசை வரிசையாகத் துணிமேல் பரப்பியிருந்தாள். ஆளுக்கு நாற்பது; உனக்கும் நாற்பது. இரவல் வாங்கிய கிண்ணம் நீலப்பூ போட்டது. அதை மூன்று முறை துடைத்தாள்.

குவெரினோ உட்காரவே இல்லை.

“என்ன மாப்பிள்ளை, சன்னலையே பாக்குறே?” என்றார் எவரிஸ்தோ மாமா. “மூடுபனியைத் திங்கப் போறியா? சாறு ஆறுது. வா, கிண்ணத்தை எடு. போன வருசம் அறுபத்திரண்டு அஞோலி தின்னேன். உன்னால ஐம்பதாவது முடியுமா? தடி தூக்குற கைக்குக் கரண்டி தூக்க வலு வேணும்ல!”

குவெரினோ சன்னலைவிட்டு நகரவில்லை. மாமா மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, சாற்றில் சிவப்பு மது ஊற்றிக் குடித்தார். ஒரு கிழவரின் முதுகு. அதற்குமேல் பார்க்க முடியாமல் நான் கரண்டிகளை அடுக்கத் தொடங்கினேன்.

நண்பகல் மணி அடித்து ஓய்ந்தது. அம்மா கதவைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். குவெரினோ தம் வலக்கையை மேசைமேல் வைத்து, நான்கு விரல்களை மடக்கினார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

அம்மா, “அல்சிதே!” என்று எழுந்தாள். தொழுவத்தின் தாழ் நகரும் ஓசை எனக்குக் கேட்டது. நீ மனம் மாறி வந்துவிட்டாய் என்றே நம்பினேன். கத்தவேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

உள்ளே வந்தவன் பீனோ. மிதிவண்டியில் வந்திருந்தான், மீசையில் பனி. மடலை அம்மாவிடம் தரவில்லை, என்னிடமும் தரவில்லை, குவெரினோவிடம் நீட்டினான். “படிச்சுட்டுத்தான் வந்தேன். சத்தமாப் படி. உன் பொண்டாட்டிக்கு மச்சான் நல்ல சீர் அனுப்பியிருக்கான்.”

குவெரினோ படித்தார். மானம் கெட்டவளே என்ற முதற்சொல்லிலேயே என் உடம்பில் குருதி வற்றியது. நீ நடிக்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணா, உனக்கு அந்தத் தொழில் அவ்வளவு கைவந்தது. நான் எழுதியதையெல்லாம் படித்தும் உள்ளுக்குள் நீ இப்படித்தான் நினைத்திருந்தாய் என்று நம்பினேன். நம்பித்தான் அழுதேன். அந்தக் கண்ணீரில் கலப்படம் இல்லை.

பிறகு வெண்மது வந்தது.

அந்த வரியைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. நீ செய்ததை நான் செய்ததாக எழுதியிருக்கிறாய். அது பொய் என்று நீயும் நானும் மட்டும் அறிவோம். அது பொய்யென்றால், அதற்கு மேலே இருப்பதெல்லாம் பொய். அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று அஞ்சி, இடுப்பில் கட்டிய சமையல் துணியை வாயில் திணித்துக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு அது விம்மலாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் அம்மாவின் கரண்டி பானைக்கு மேலேயே நின்றுவிட்டது.

“வெண்மதுவா?” என்றாள். “செலின்தாவா?”

குவெரினோ மடலிலிருந்து தலையை நிமிர்த்தினார். “ஏன் அத்தை? இல்லையா?”

எவரிஸ்தோ மாமா மெல்லுவதை நிறுத்தினார். கரண்டியிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாகப் பானையில் விழுந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். என் வாயில் துணி. அவள் கண் மங்கியது என்று யார் சொன்னார்கள்? அன்று அவள் என்னை எலும்புவரை பார்த்தாள்.

“இல்லாம என்ன?” என்றாள் அம்மா. கரண்டியைப் பானையில் ஓங்கிப் போட்டாள். “இவதான் ஊத்துனா. அவங்க அப்பா விட்டாரே ஒரு அறை, காது ரெண்டு வாரம் கேக்கல இந்தக் கழுதைக்கு. அப்பவே தெரியும் எனக்கு, இவ குடியைக் கெடுக்கப் பொறந்தவன்னு. எம்பிள்ளை என் மேசைக்கு வரமாட்டேங்கிறானே, இவளாலதானே! உக்காந்து அழுறா பாரு, அழு, நல்லா அழு!”

அம்மா வாய் திறந்து என்னை ஏசியது அதுவே முதல் முறை. குவெரினோ மடக்கிய விரல்களை விரித்தார். நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்சங்கொஞ்சமாகச் சிரிக்கத் தொடங்கினார்.

“அடப்பாவி, சொந்த அண்ணனே இப்படி வெறுக்கிறானா உன்னை? நான்கூட என்னென்னமோ நினைச்சேன்.” அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து வெண்மதுக் குப்பியை எடுத்தார். நீலப்பூக் கிண்ணத்தில் சாறு வாங்கி, அதில் நிறைய ஊற்றினார். “இந்தா. அவன் பங்கு. அன்னிக்கு ஊத்துனதை இன்னிக்கு நீயே குடி. ஆம்பளை மாதிரி, அங்க போய் நின்னு குடி.”

பீனோ கைதட்டினான். ஆதெல்மோவும் மார்த்தினோவும் குளிரில் நீலம் பாய்ந்த முகங்களோடு தொழுவத்திலிருந்து வந்து வாயிலில் நின்றார்கள்.

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பினேன். என் முதுகு அவர்கள் பக்கம்.

குடித்தேன் அண்ணா. கடைசிச் சொட்டுவரை. நான்கு ஆண்கள் பின்னால் நிற்கும்போது நெருப்பைப் பார்த்து நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். முதுகில் ஒவ்வோர் எலும்பும் தனித்தனியே காத்திருக்கிறது. யாரோ ஒருவர் செருப்பை அசைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

உன் பங்கு அஞோலியை ஆதெல்மோவும் மார்த்தினோவும் தின்றார்கள். தொழுவத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்கவில்லை. பரிமாறினாள். “போட்டுக்கோங்கப்பா, எம்பிள்ளைக்குன்னு பண்ணது, வீணாப் போகக்கூடாது” என்றாள். ஆளுக்கு இருபதாக எண்ணிப் போட்டாள்.

புறப்படும்போது பாலாடைக்கட்டி எடுக்க என்னை உள்ளறைக்கு அழைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அன்னிக்கு நான் நிலவறைப் படியிலதான்டி நின்னுட்டிருந்தேன். எந்தப் பீப்பாயில யாரு பிடிச்சாங்கன்னு என் கண்ணால பாத்தேன். உங்கப்பா உன்னை அறைஞ்சப்போ வாயைத் திறக்கல. பிள்ளை அடி வாங்கிடுவானேன்னு. இன்னிக்குத் திறந்தேன். சரியா திறந்தேனா?”

நான் அவள் கையைப் பற்றினேன். அவ்வளவுதான். வண்டி காத்திருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். அம்மாவை ஆற்றைக் கடக்கவும் விட்டிருக்கமாட்டேன்.

உன் மடலை அவர் அடுப்பில் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் நாள் எடுத்துப் படித்துச் சிரித்தார். இரண்டாம் நாள் எடுத்துப் படித்தார், சிரிக்கவில்லை. இன்று காலை கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். நான் வெந்நீர் வைத்தேன்.

“அந்த வெள்ளை மது ஊத்துனப்போ உனக்கு எத்தனை வயசு?”

“எட்டுங்க.”

“அவனுக்கு?”

“பதினொண்ணு.”

கத்தியைக் கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்தார். நுரையைத் துண்டில் துடைத்தார்.

“எங்க வீட்டுல நிலவறைக்குப் போய்ப் பீப்பாயத் திறக்குறது ஆம்பளைப் பிள்ளைங்க வேலை. பொட்டப் பிள்ளைங்களை விடமாட்டாங்க. உங்க வீட்டுல எப்படி?”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான். அன்னிக்கு அவன் சோம்பேறித்தனமாப் படுத்திருந்தான். நான் போனேன்.”

“ஓகோ” என்றார்.

மறு கன்னத்தைச் சிரைக்கத் தொடங்கினார். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே சிரைத்தார். ஒரு கீறலும் விழவில்லை.

அம்மாவிடம் கேட்கப் போகிறார். இந்த வாரமோ, அடுத்த வாரமோ. அவள் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்: நீ படுத்திருந்தாய், நான் போனேன். இந்த மடலை வாங்கிப்போக என் பக்கத்தில் காத்திருக்கும் அவள் இப்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள், மந்திரம்போல்.

இனி நீ எனக்கு எழுதாதே. அந்த மடலில் எழுதிய அண்ணனாகவே இரு. கேட்பவர்களிடமெல்லாம் என்னை ஏசு. அந்த இருநூறு குடும்பங்களிடமும் ஏசு. உன்னால் எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்க ஏசு. ஆற்றைத் தாண்டி இங்கே கேட்கவேண்டும். எனக்கு வேறு காவல் இல்லை.

இந்த மடலைப் படித்ததும் எரித்துவிடு. எரிக்கும்போது நெருப்பைப் பார்த்து நிற்காதே, அண்ணா. முதுகைச் சுவரில் சாய்த்து நில்.

செலின்தா